மூணாம் மாடிக்காரர் குடித்த டீ

பம்ப் கம்பெனிக்காரர் ஒருவர் அரசு அதிகாரிக்கு எதையோ கொடுத்து மாட்டிக்கொண்டார், வேலை போகப்போகிறது என்று எங்கள் தெருவில் பேச்சு. இஸ்திரிக் கடையில் அது கார் என்றார்கள். மருந்துக் கடைக்கு வருவதற்குள் வீடாகி, மாடியும் எழும்பிவிட்டது. ஆள் எனக்குத் தெரிந்தவர். பேனாவை இரவல் கொடுத்தால்கூட மூடியைத் தன் பையில் வைத்துக்கொள்கிறவர். அவரா வீடு கொடுத்தார்? நேரிலேயே போய்க் கேட்டேன்.

இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை, தொழில் துறை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் நிற்பது. பெயரே மூணாம் மாடி. எந்த ஃபைல் எந்த மேஜையில் படுத்திருக்கிறது, எந்த அதிகாரியிடம் சாப்பாட்டுக்கு முன் பேசக்கூடாது, எல்லாம் அத்துப்படி. அரசு ஒரு விதி போடுவதற்கு முன் கம்பெனியின் கஷ்டத்தை உரியவர் காதில் போட்டுவிடுவார்.

போன வருடம் அந்தக் கம்பெனியைக் கடல் தாண்டி இருக்கும் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. இவருக்கு ஒரு லேப்டாப் வந்தது. அதற்குள் ஒரு படிவம். எந்த அதிகாரியைப் பார்த்தாலும் அன்றைக்கே பதிய வேண்டும்: யார், என்ன பேச்சு, என்ன கொடுத்தீர்கள், எதற்கு.

புதிய பம்ப் விதிகளைப் பற்றிப் பேச செக்‌ஷன் ஆபீசர் அம்மாவிடம் போயிருக்கிறார். அந்த அம்மா கையை விரித்துவிட்டார். "என்கிட்ட பேசி என்ன சார் பிரயோஜனம்? இதை நான் எழுதலை. எங்கயோ நாலு நாடு சேர்ந்து எழுதினது, எனக்கு மெயில்ல வந்துச்சு. பம்ப் பனியில உறையக்கூடாதாம். இங்க எவன் வீட்டுல ஸ்வெட்டர் இருக்கு?"

தான் நிற்கும் மாடியில் இனி எதுவும் முடிவாகாது என்பது நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் போன போக்கைப் பார்த்து, அந்த அம்மா தன் டீயையே அவர் பக்கம் தள்ளியிருக்கிறார்.

"முதல்ல இதைக் குடிங்க."

குடித்தார். ஒளிக்காமல் பதிந்தும் விட்டார். அங்கேதான் வினை. கொடுத்ததற்குக் கட்டம் இருந்தது, வாங்கியதற்கு இல்லை. அரசாங்கத்திடமிருந்து ஒருவன் எதையாவது வாங்கிவிடக்கூடும் என்று படிவம் போட்டவர்களுக்குத் தோன்றவே இல்லை. இருந்த கட்டத்திலேயே 'டீ, ஒன்று' என்று எழுதினார். எதற்கு என்ற இடத்தில், 'ஆறுதல்'.

பெரிய கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கும் மூன்று நாடுகள் விழித்துக்கொண்டன. மாதக் கடைசியில் முடியும் இவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது நின்றது. ஐம்பத்து நாலு வயது மூணாம் மாடியை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? விடியற்காலை ஐந்தரைக்கு வீடியோ விசாரணை. திரையில் மூன்று தலைகள். திரைக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்தபடி மனைவி. ஆறுதல் கொடுத்து அதிகாரியிடம் எதை எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டார்கள்.

"நான் கொடுக்கலைங்க, குடிச்சேன்" என்றார் இவர்.

மூன்று தலைகளும் குனிந்து அதைக் குறித்துக்கொண்டன.

"சக்கரை போட்டிருந்தாங்களான்னு கேக்கலையே, இன்னும் விவரம் பத்தாது" என்று மனைவி முணுமுணுத்தார்.

வேலையைக் காப்பாற்றியது அதே படிவம்தான். 'என்ன பேச்சு' என்ற இடத்தில் பனி விவகாரத்தை அப்படியே எழுதியிருந்தார். விதி எழுதிய நாலு நாட்டில் ஒன்றில் கம்பெனியின் சொந்த ஆள் ஒருவர் அதை எழுதும் குழுவின் வாசலிலேயே நிற்கிறாராம். அங்கேயும் ஒரு மூணாம் மாடி. அவருக்கு இந்தச் சேதி போய், வெப்ப நாடுகளுக்குப் பனி விதி வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது.

ஆனால் டீ மட்டும் தீரவில்லை. கம்பெனியின் பதினாலாம் விதிப்படி, அதிகாரியிடம் வாங்கியதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒன்பதாம் விதிப்படி, அதிகாரிக்கு எதுவும் தரக்கூடாது. எந்த விதிப்படி நடப்பது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பரிசீலனையில் இருக்கிறது என்று மாதாமாதம் பதில் வருகிறது.

இவர் மாடி ஏறினால் போதும், ஃபைலிலிருந்து தலை தூக்காமலே அந்த அம்மா கேட்கிறாராம்:

"என் டீ எங்க சார்?"