பக்கத்தில் தூங்கியவளைப் பற்றி ஒரு பதிவு

அந்த வாரம் ஏஞ்சலின் முறை. ‘ஒரு பத்தி’ என்று பேர் வைத்துக்கொண்டு இணையத்தில் எழுதிவந்த பதிவர் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. துபாயிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருந்த அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. வாரத்துக்கு ஒருவர் எதை எழுதலாம் என்று தினமும் ஒரு குறிப்பு சொல்லி, தன் அன்றாடத்திலிருந்தே அதற்கு உதாரணமும் எழுதிக் காட்ட வேண்டும்.

பிளஸ் டூவோடு நின்றுவிட்ட ஏஞ்சல், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுவிட்டு ரயிலில் வந்து மீஞ்சூரில் இறங்கும்போது காலிரண்டும் மரக்கட்டை. அப்படியே பிரௌசிங் சென்டருக்குப் போவாள். ‘உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு நானும் எழுதினேன்’ என்று யாராவது பின்னூட்டம் போட்டிருந்தால் அலுப்பு கொஞ்சம் இறங்கும்.

புதன்கிழமை ஒன்றுமே தோன்றவில்லை. ‘பக்கத்தில் இருப்பவரை எழுதுங்கள்’ என்று போட்டாள். அவள் பக்கத்தில் இருப்பவள் சின்னப்பொண்ணு. அதே கம்பெனியில் பெருக்கித் துடைப்பவள். சாயங்கால வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றி வயர்கூடைக்குள் பத்திரம் பண்ணிவிட்டு, கவரைப்பேட்டை வருவதற்குள் ஏஞ்சலின் தோளில் சாய்ந்துவிடுவாள். மீஞ்சூரில் ஏஞ்சல்தான் எழுப்புவாள். திறந்த வாய், குறட்டை, தோளில் ஊறும் எச்சில், கூடைக்குள் செருப்பு, எல்லாவற்றையும் எழுதினாள். பேரை மட்டும் ‘செல்லம்மா’ என்று மாற்றினாள். பேரை மாற்றிவிட்டால் போதும் என்பது அந்தக் கூட்டத்தில் வழக்கம்.

பின்னூட்டங்கள் குவிந்தன. ‘கண் கலங்கிவிட்டது.’ ‘அந்த அக்காவைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.’

வெள்ளிக்கிழமை, கம்பெனியில் மிஷின் ஓட்டும் மோசஸ், பிரௌசிங் சென்டரில் கண்ணில் பட்ட அதைப் பிரிண்ட் எடுத்துவந்து ரயில்பெட்டியில் உரக்கப் படித்தான்.

“இன்னாக்கா, செருப்பக் கூடைல வச்சிக்கினு கொறட்ட வுடுறது நீதான? துபாய் வரைக்கும் கேக்குதாமே!”

பெட்டியே சிரித்தது. சின்னப்பொண்ணுவும் கூடவே சிரித்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கோடி சீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் அங்கேதான். தலை ஆடி ஆடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ஏஞ்சல் எழுந்துபோய் அவள் எதிரில் நின்றாள்.

“உங்க பேரப் போடலியேக்கா.”

“பேரு இன்னாத்துக்குடி? என் வாயி, என் செருப்பு. அது பத்தாதா?”

“நல்லவிதமாத்தான் எழுதுனேன். படிச்சவங்க அழுதாங்க.”

“அவங்க அழுதாங்க, இவனுங்க சிரிச்சானுங்க. என்னை எவன் கேட்டான்?” குரல் தணிந்தது. “நான் முழிச்சிக்கினு இருக்கும்போது எழுத வேண்டியதுதான? ஊட்ல ஒரு மனுசன் படுத்த படுக்கையா கெடக்குறாரு. ராவெல்லாம் பொரட்டிப் போட்டுக்கினு கெடக்குறேன். எனக்குத் தூக்கம்னு இருந்ததே இந்த வண்டிலதான். அதுவும் போச்சு.”

ஏன் இப்படித் தூங்குகிறாள் என்று ஏஞ்சல் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றே போய்ப் பதிவை எடுத்துவிட்டாள். அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். ‘நல்ல எழுத்துக்குத் துணிச்சல் வேண்டும், ஏன் எடுத்தீர்கள்?’ என்று கூட்டத்தில் கேட்டார்கள். ‘அவரைக் கேட்காமல் எழுதிவிட்டேன்’ என்று மட்டும் பதில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய குறிப்பை எழுதவே இல்லை. எழுதுங்கள் என்று இன்னொருவருக்குச் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை வண்டியில் கூட்டம் நெருக்கியது. வேறு இடம் இல்லாமல் சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எடுத்துட்டேன்க்கா.”

“சரி.”

ஆனாலும் தூங்கவில்லை. கவரைப்பேட்டை தாண்டியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஓரக்கண்ணால் ஏஞ்சலைப் பார்த்தபடியே வந்தாள். தன் கண் திறந்திருக்கும்வரை அவள் கண் மூடமாட்டாள் என்று ஏஞ்சலுக்கு விளங்கியது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியது பாவனைக்குத்தான். உடம்பு அதை நிஜமென்று எடுத்துக்கொண்டது.

விழித்தபோது எண்ணூர். தோள் கனத்தது. சட்டை ஈரமாக இருந்தது.

“அக்கா, எந்திரிங்க. மீஞ்சூர் போயிடுச்சு.”

சின்னப்பொண்ணு அலறிப் புடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். “அடிப்பாவி, எழுப்ப மாட்ட? அந்த மனுசன் ஊட்ல கத்திக்கினு கெடப்பாரு!”

இருவரும் இறங்கி, பாலம் ஏறி மறுபக்கம் போனார்கள். திரும்பிப் போகும் வண்டி எப்போது என்று கேட்கக்கூடத் தெம்பில்லாமல் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.