ராஜா முகமதுவின் சீனக் கெண்டி

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ராஜா முகமதுவுக்கு டீ என்றாலே குமட்டும். இதை வெளியில் சொன்னால் பிழைப்பு என்னாவது? விடியுமுன் அடுப்பைப் பற்ற வைத்தால், சேந்தமங்கலத்திலிருந்து கடைசி பஸ் மலையேறி வரும்வரை கால்கடுக்க நின்று ஆற்ற வேண்டும். தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. மனைவி ஜுலைகா பீவி பக்கத்திலேயே வடைச்சட்டியோடு நின்றாள்.

தொண்ணூற்றெட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் பைசல் டீ ஊறவைக்கும் மண் கெண்டி ஒன்று கொடுத்தான். உள்ளங்கையில் அடங்கும், மெருகு பூசாத செம்பழுப்பு. சீனாக்காரர்கள் சக்கரத்தில் சுற்றாமல், மண்ணைத் தகடாகத் தட்டி வளைத்து ஒட்டிச் செய்வார்களாம். மூடிக் குமிழில் ஒரு பொட்டுத் துளை. அதை விரலால் அடைத்தால் மூக்கு வழியாக ஊற்றுவது சட்டென்று நின்றுவிடும். மூடி அவ்வளவு கச்சிதம்.

"மச்சான், இந்த மண்ணு டீயைக் குடிக்கும். சோப்புப் போட்றாதீங்க, பாலு ஊத்தீறாதீங்க. ஒரே எலையப் போட்டுட்டு வந்தா, நாளாக ஆக வெறும் சுடுதண்ணிக்கே வாசம் வரும்" என்று சொல்லி இலைப் பொட்டலத்தையும் நீட்டினான்.

அந்த டீ மட்டும் ராஜா முகமதுவுக்குக் குமட்டவில்லை; மச்சினன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். மதிய பஸ் போனபின் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிப்பார். கெண்டியின் மேலும் கொஞ்சம் ஊற்றித் துடைப்பார், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. மண்ணில் மெல்ல ஒரு மினுமினுப்பு ஏறியது. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மனுஷன் நாளை ஓட்டினார். அப்போது கடையை ஜுலைகா பார்த்துக்கொண்டாள். வேறு யார் பார்ப்பார்கள்?

மூன்றாம் வருடம், ஒரு சந்தை நாள். கூட்டம் ஓய்ந்ததும் அசந்துபோய்ப் பின்னால் வந்தவர் கெண்டியைத் தூக்கினார். கனத்தது. திறந்தால் பால் டீ, ஏலக்காய் வேறு! கடைப்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏம்புள்ள, இதுல ஆரு பாலை ஊத்துனது?"

"நாந்தானுங்க" என்றபடி ஜுலைகா வந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஊறுன பாலு இனிப் போகுமா? எல்லாம் பாழு!"

அவள் குரல் ஏறவில்லை. சண்டை போடத் தெம்பு வேண்டாமா? "தெரிஞ்சுதானுங்க ஊத்துனேன். எனக்குப் பால் டீதான் புடிக்கும். தெனமும் உக்காந்து குடிக்கறீங்க. ஒரு நாளாச்சும் நீயும் வா புள்ளைன்னு சொன்னீங்களா? எனக்குங் காலு நோவுதுங்க. இன்னிக்காச்சும் உக்காரலாமுன்னு பாத்தேன், கூட்டம் உடல."

ராஜா முகமது யோசித்துப் பார்த்தார். கூப்பிட்டதாக ஒரு நாள்கூட நினைவில் இல்லை. மண்ணுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அத்தனையும் தெரிந்து வைத்திருந்தவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உக்காரு. கடைய நான் பாத்துக்கறேன்" என்று கெண்டியில் இருந்ததையே அவளுக்கு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

ஒரு பஸ் கூட்டத்தை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தார். ஊற்றிய டீ ஊற்றியபடியே ஆறிக் கிடந்தது. கையில் ஒட்டிய வடை மாவோடு, சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள் ஜுலைகா.