கொட்டி என்று கேட்ட சொல்

ஏழாம் வகுப்பில் எனக்கு லத்தீன் கற்பித்த சிஸ்டரை அப்பா ஒருநாளும் நம்பியதில்லை. எங்கள் கொட்டாஞ்சேனை கொன்வென்டில் பைபிள், தர்க்கம், லத்தீன் எல்லாம் பழைய முறைப்படி மனனம்தான். படிப்புத் திறம் என்று சேர்த்தவரும் அப்பாதான். பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயந்தவரும் அவர்தான்.

"இலக்கணத்தைப் படி. செபம் கிபம் இந்த வீட்டிலை கேக்கப்படாது."

சிஸ்டரோ இலக்கணத்தையே செபத்தை வைத்துத்தான் கற்பித்தார். பரலோக மந்திரத்தை லத்தீனில் ஒப்புவிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது. அப்பா வேலையால் வருமுன் குசினி யன்னலடியில் நின்று உரத்துப் பாடமாக்குவேன். அதில் 'அன்றாட' என்பதற்கு வரும் 'குவொட்டிதியானும்' மட்டும் வாயில் வராது. கொட்டி, கொட்டி என்று அதிலேயே இடறுவேன்.

சிங்களத்தில் கொட்டி என்றால் புலிகள். யுத்த காலம். யார் காது கொடுத்துக் கேட்டுப் பொலிசுக்குச் சொன்னார்களோ தெரியாது. எனக்குக் கீழ்வீட்டுக்காரர்மேல் இன்றைக்கும் சந்தேகம்தான். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் என்னைக் கண்டால் சிரிக்கத் தொடங்கினார்.

ஒரு மாலை இரண்டு பொலிஸ்காரர் படியேறி வந்தார்கள். இந்த வீட்டில் புலிகளைப் பற்றிக் கதைப்பது யார் என்று சிங்களத்தில் அதட்டினார்கள். அப்பாவுக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஸ்டேஷனுக்கு வா என்றார் ஒருவர். அப்படிக் கூட்டிப்போன பக்கத்து லேன் மாமா அதுவரை திரும்பி வரவில்லை.

அவர்கள் தேடி வந்தது என் கொட்டியைத்தான் என்று எனக்கு விளங்கியது. அது ஸ்கூலில் தந்த செபம் என்று தெரிந்த சிங்களத்தில் உளறினேன். பொலிஸ்காரர் அப்பாவின் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். இந்த வீட்டில் யாருக்கு அந்தச் செபம் என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"மகே துவ கத்தோலிக, சேர்," என்றார். என் மகள் கத்தோலிக்கப் பெண் என்று.

முழுச் செபத்தையும் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். சொன்னேன். அந்தச் சொல்லில் மறுபடி இடறினேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

"நான் சொன்னது பொலிசுக்கு. உனக்கில்லை, விளங்குதே?"

"ஓம் அப்பா."

"அந்தக் கொட்டி எண்டு வாறதுக்கு என்ன கருத்து?"

"ஒவ்வொரு நாளும் எண்டு, அப்பா."

அவர் எழும்பிப் போய்க் குசினி யன்னலைச் சாத்தினார். கொளுக்கியிலிருந்து கையை எடுக்காமல், "இப்ப சொல்லு. பிழையில்லாமல் வருமட்டும் சொல்லு," என்றார்.