திரும்பி வந்த பிடியரிசி

கேளம்பாக்கத்தில் மகன் வாங்கியிருக்கும் வீடு மூன்றாவது மாடியில். படிகள் ஐம்பத்து நான்கு. மகன் சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பியதும் மருமகள் குக்கருக்கு அரிசி அளப்பாள். என் வாய் தானாக டம்ளர்களை எண்ணும். அரை டம்ளர் கூடினாலும் குறைந்தாலும் எனக்கு மனசு கேட்காது. இந்த வியாதி ஒன்பது வயதிலேயே இருந்தது.

அப்போது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் இருந்தோம். எங்கள் கிறிஸ்தவ சபைக் குடும்பங்களில் ஒரு பழக்கம். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போட வேண்டும். அது ஆண்டவருக்கு. ஞாயிறன்று பையில் கொண்டுபோய் வேதக்கோயிலின் பெரிய கூடையில் கொட்டுவார்கள். கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அதை இல்லாதவர்கள் வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்.

அந்த வருஷம் ஏரி வறண்டது. அப்பா கோவளம் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய், கால் முழுக்கப் புண்ணோடு திரும்பிப் படுத்துவிட்டார். ஐந்து பேருக்கு ஆறு ஆழாக்கு போட்ட உலையில் மூன்று ஆழாக்குதான் விழுந்தது. அம்மாவின் பிடி மட்டும் சுருங்கவில்லை. சோறு பாதியானால் பிடியும் பாதியாக வேண்டாமா? ஒருநாள் அவள் தண்ணீருக்குப் போனபோது, ஒரு பிடி அரிசியை முறத்தில் கொட்டி எண்ணத் தொடங்கினேன். ஆயிரத்து நூறைத் தாண்டும்போது குடத்தோடு வந்து நின்றாள்.

“இன்னாடா பண்ணிகினு கீற?”

ஏழு நாள் பிடியைச் சேர்த்தால் நமக்கு ஒரு வேளைக் கஞ்சி என்று விளக்கினேன். அவள் திட்டவில்லை. அப்பாதான் படுத்த இடத்திலிருந்தே, இவனைக் கோயிலில் கணக்குப்பிள்ளையாகச் சேர்த்துவிடலாம் என்றார்.

மறுநாளிலிருந்து பிடி எடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கை சின்னது. விரல்களை இறுக்கினால் இன்னும் சின்னது. சொன்னபடி ஒரு பிடி, அதில் பொய் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை பானையில் அரிசியே இல்லை. பொழுது சாய்வதற்குள் உபதேசியார் இரண்டு படி அரிசியோடு வந்து வாசலில் நின்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிவப்பு, வெள்ளை, நொய் என்று பல வீட்டு அரிசி கலந்து கிடந்தது. எங்கள் வீட்டு அரிசி அதில் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா உலைக்கு அளந்தாள். பிறகு தன் கையையே நீட்டி, நிறைய ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அது கோயில் அரிசிம்மா. அவங்க குடுத்தத அவங்களுக்கே குடுப்பியா?”

“நம்ம வூட்டுக்கு வந்துட்டா நம்ம அரிசிதான?”

“எடுக்கலன்னா இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது. உன்ன யாரு அடிக்கப் போறா? எனக்கு எடுக்கணும்னு கீது, எடுக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா படுத்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. பசியில் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து, அக்காக்கள் இருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னேன். அவர்கள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். என் கஞ்சப் பிடிகள் அடியில், அவளுடைய பிடி மேலே. வீட்டிலிருந்து கோயிலுக்கு என் காலால் அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணிச் சரிபார்ப்பேன். அன்று திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி அம்மா நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. இருநூறுக்குள் எண்ணிக்கை தப்பிவிட்டது. முதல் மணிகூட இன்னும் அடிக்கவில்லை, கோயில் கதவும் திறந்திருக்கவில்லை. இவ்வளவு நேரம் கிடக்கிறதே, இவள் எதற்கு இப்படி ஓடுகிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.