தின்னருக்குக் காய்ச்சல் பார்த்தவர்

நாமக்கல்லில் லாரி பாடி பெயிண்டில் கலக்கும் தின்னர் தயாரிக்கிறேன். எவ்வளவு சூட்டில் அதன் ஆவி தீப்பற்றும் என்று சோதித்து, டின்னில் ஒட்டவேண்டிய எச்சரிக்கையைச் சொன்னவர் சேலத்து ஆய்வகத்து அம்மா. நெற்றியோரம் நரை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. எந்தப் பாட்டிலை நீட்டினாலும், காய்ச்சல் பார்ப்பதுபோல் முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

என் பாட்டிலையும் அப்படித்தான் பார்த்தார்.

"வெயில்ல பைக்ல கொண்டாந்தீங்களாக்கும்? அதுவும் பாதிப் பாட்டில். சீக்கிரம் பத்தற ஆவியெல்லாம் போயிருக்குமுங்க. இதைச் சோதிச்சா சாதுவான சரக்குன்னுதான் வரும்."

"வந்தா நல்லதுதானுங்களே?"

"உங்களுக்கு நல்லதுங்க. டின்னுக்குப் பக்கத்துல வெல்டிங் வெக்கறவருக்கு?"

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் டின் நிறைய ஊற்றி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோனேன். புறங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். சோதனைக் கிண்ணத்தில் ஊற்றிச் சிறு சுடரைக் காட்டினார். அந்தக் குளிரிலேயே ஆவி பற்றி நீலமாகப் பளிச்சிட்டது.

"இதுதானுங்க உங்க சரக்கு!"

இருப்பதிலேயே கடுமையான எச்சரிக்கையை எழுதித் தந்தார். என் சரக்கை அவ்வளவு மதித்தவர் இன்றுவரை வேறு யாருமில்லை.