மனைவிக்குச் செய்த ஐஸ் பெட்டி

எங்கள் ஊரில் குளிர் என்றால், மாரி மழைக்குள் ஃபேனை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைப்பது. அதற்கே என் மனைவி கழுத்தைச் சுற்றித் துவாய் போட்டுக்கொள்வாள். அவளுக்கு முட்டு வருத்தம். கலியாணம் முடித்த ஆண்டிலிருந்தே இருக்கிறது. தூசு பட்டால் இழுக்கும். புகை பட்டால் இழுக்கும். குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க ஒரு கதிரை இருக்கிறது. அதன் கை எந்தப் பக்கம் ஆடும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

ஆகையால் எங்கள் குடும்பத்தில் அவளைத் தவிர எல்லாரும் மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அவள் விடிய எழும்பிச் சோற்றுப் பார்சல் கட்டித் தருவாள். நாங்கள் போய் நடுங்கிவிட்டு, அவளுக்குக் கரட்டும் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் கொண்டுவந்து கொடுப்போம். அப்படி ஒரு முறை லீக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவள், தண்டின் மடிப்புக்குள் இருந்த கறுத்த மண்ணை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது முளைக்கிற இடத்த ஒருக்கா கண்ணால பாத்தா நல்லம்” என்றாள்.

முப்பது வருடத்தில் போகவேண்டும் என்று அவள் கேட்ட இடங்கள் இரண்டு. ஒன்று மக்கா. அதற்கு அல்லாஹ் நாட வேண்டும். மற்றது லீக்ஸ் தோட்டம். அதற்கு நான் நாடினால் போதும் என்று நினைத்தேன். அது பிழை. அதற்கும் அவன்தான் நாட வேண்டும்.

டொக்டரிடம் கேட்டோம். குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் ஓர் இரவு போய் வரலாம், ஆனால் மெத்தைத் தூசும் பூஞ்சண வாசமும் உள்ள அறையில் படுக்கக் கூடாது என்றார். நுவரெலியாவில் எங்கள் கைக்கு எட்டுகிற அறை எல்லாவற்றிலும் அவை இரண்டும் உண்டு. மிச்சம் இருந்தது என் வேன்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் டொல்பின் வேன், கூரை உயர்ந்தது. முன்வீட்டில் இருக்கும் மகளின் மாப்பிள்ளை ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

“மாமா, வெள்ளக்காரன் வேனுக்க வீடு கட்டிப் பனிக்குள்ள படுக்கிறான் பாருங்க. செவருக்க பஞ்சு மாதிரி ஒண்ட அடைக்கிறான். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா மகன்?”

“வீடியோ பத்து நிமிசம்தான் மாமா.”

பள்ளிக்கூட லீவு விட்டதும் சீட்டுகளைக் கழற்றினேன். உள்தகட்டையும் கழற்றினேன். தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் உள்ளே வெள்ளைக் கட்டி வருமே, அந்த ரெஜிபோம் பலகை பலகையாகக் கடையில் கிடைக்கிறது. வாங்கிவந்து வெட்டி, செருப்பு ஒட்டுகிற பசையைத் தாராளமாகப் பூசிச் சுவரில் ஒட்டினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஒட்டிய இடத்தில் ரெஜிபோம் இல்லை. மழையில் நனைந்த உப்பைப் போல் கரைந்து போயிருந்தது. பசை மட்டும் நன்றாக ஒட்டியிருந்தது.

அதன்பிறகுதான் கடற்கரைப் பக்கம் ஐஸ் பெட்டி செய்கிறவரிடம் போனேன். தோணிக்காரருக்கும் மீன் லொறிக்காரருக்கும் பெட்டி அடித்துக் கொடுப்பவர் அவர். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

“காக்கா, நான் இம்மட்டு நாளும் குளிர் வெளிய போகாமப் பெட்டி செஞ்ச. நீங்க குளிர் உள்ள வராம இரிக்கக் கேக்கிறீங்க.”

“ரெண்டும் ஒண்டுதானே தம்பி?”

அவர் பக்கத்தில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். “ஓம். பெட்டிக்கு ரெண்டும் ஒண்டுதான். உள்ள இரிக்கிறதுதான் வேற. மீன் புறுபுறுக்காது.”

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கூரைத் தகட்டுக்குக் கீழே வெயிலுக்காக வெள்ளித் தாள் அடிப்பார்கள். அதையும் போடச் சொன்னேன். மினுங்குகிற பக்கம் வெளியே பார்க்க வேண்டுமா உள்ளே பார்க்க வேண்டுமா என்று இருவரும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் மேலே பார்க்கப் போடுவது, இங்கே திருப்பி அனுப்ப வேண்டியது எங்கள் உடம்புச் சூட்டை என்று அவர் சொன்னார். உள்ளே பார்க்கப் போட்டோம். சுவருக்கு இரண்டு அங்குலம், கூரைக்கு இரண்டு அங்குலம், தரைக்கு இரண்டு அங்குலம் ரெஜிபோம், அதன் மேல் பிளைவுட். யன்னலுக்கெல்லாம் அளவெடுத்த மூடி. பொருத்துக்கெல்லாம் சிலிக்கன். கதவைச் சாத்தினால் மீன் பெட்டி மூடுகிற ‘டொப்’ என்ற சத்தம் வந்தது. அவர் கதவு இடுக்கில் வத்திக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். சுடர் ஆடவில்லை. அந்தக் குச்சி எரிந்து முடியும்வரை இருவரும் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படுக்கையை அமத்திப் பார்த்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். தொழும் இடத்தைக் காட்டினேன். போய் நின்றாள். தலை கூரையில் முட்டியது. கழுத்தைக் குனிந்தாள், பிறகு முதுகையும் குனிந்தாள்.

“இஞ்ச பாருங்க. இன்னும் தக்பீர் கட்டல்ல, ருகூஉ வந்திட்டுது.”

தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்கு நேராக நிற்க வேண்டும், ருகூஉ என்ற குனிதல் பிறகுதான் வரும். நான் கூரையை அளந்தது ரெஜிபோம் போடுவதற்கு முன்னர். நிற்க இயலுமானவர் பர்ளு என்ற கட்டாயத் தொழுகையை இருந்து தொழ முடியாது. குனிந்தும் தொழ முடியாது. தொழுவதற்காக அவள் வெளியே குளிருக்குள் இறங்குவதானால், இவ்வளவும் அடைத்தது எதற்கு?

ஐஸ் பெட்டிக்காரர் வந்து பார்த்தார். தரையில் தொழுகை விரிப்பான முசல்லாவின் அளவுக்குக் கோடு கீறி, அந்த இடத்து ரெஜிபோமையும் பிளைவுட்டையும் வெட்டி எடுத்தார். மனைவி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றாள். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல் போனது.

“காக்கா, ஐஸ் பெட்டிக்க பள்ளி கட்டின மொத ஆள் நானாத்தான் இரிக்கும்” என்றார். “உங்களுக்கும் ஒரு குழி வெட்டவா?”

நான் அவளைவிட அரை முழம் உயரம். எனக்கு வெட்டினால் தார் ரோட்டில்தான் நிற்க வேண்டும். நான் வெளியே தொழுவேன் என்றேன்.

தைப்பொங்கல் லீவோடு வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து புறப்பட்டோம். அவளும் நானும் மட்டும். அவள் வாயில் அடிக்கிற மருந்துப் பம்ப் இரண்டு, மூன்று கம்பளி, சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், பார்சல். வழியில் ஒரு பள்ளிவாசலில் மஃரிபையும் இஷாவையும் ஒன்றாகச் சேர்த்து ஜம்உ செய்து தொழுதோம். ஏற்றம் ஏற ஏற நான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். அவள் வேன் விளக்கில் தெரிந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு தோட்டக்காரர் தன் மரக்கறிக் காணியின் ஓரத்தில் வேனை நிறுத்த இடம் தந்தார்.

“வண்டிய இப்படிப் போடுங்க பாய். காலையில எந்திரிச்சா ஏரி நல்லாத் தெரியும்.”

எனக்கு வேன் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நிற்க வேண்டும். பள்ளம் நீளவாக்கில்தான் வெட்டியிருந்தது. “மேற்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். அவர் கை காட்டினார். அந்தப் பக்கத்தில் சாணிக் குவியல் ஒன்று இருந்தது. வேனை அதற்கு நேராக நிறுத்தினேன். அவர் சாணியையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். உலகத்தில் பல விதமான ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதவைச் சாத்தினோம். ‘டொப்’. உள்ளே உண்மையாகவே குளிர் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் படுத்தேன்.

விடியற்காலைச் சுபஹுக்கு ஃபோன் அடித்தபோது அவள் தலையணையை மடியில் வைத்து எழும்பி இருந்தாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம். பம்ப் இரண்டு முறை அடித்துவிட்டாளாம். என்னை எழுப்பவில்லை. மேலே கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒன்று என் நெற்றியில் விழுந்தது. எங்கோ ஓர் இடுக்கால் குளிர் வருகிறது என்று முடிவுசெய்தேன். தரைப் பள்ளத்தின் மேல் கம்பளியை விரித்தேன். துவாயைச் சுருட்டிக் கதவின் அடியில் திணித்தேன். விசில் கூடியது. வேனைக் கிளப்பத் திறப்பைக் கையில் எடுத்தேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“போவம். தொழுதிட்டுப் போவம்.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு எடுத்தாள்.

“அப்ப நீ உள்ள தொழு. நான் வெளிய கெதியாத் தொழுதிட்டு வாறன்.”

“ஊர்ல நீங்க சுபஹுக்குப் பள்ளிக்குப் போற. நான் குசினிக்குப் பக்கத்தில தனியத் தொழுற. இண்டைக்காவது ஒண்டாச் சேந்து ஜமாஅத்தாத் தொழுவம்.”

“ஓம், நான் சத்தமா ஓதுறன். நீ உள்ள இருந்து கேளு.”

“கதவு சாத்திக் கிடந்தா ஜமாஅத் ஆகாது. நடுவில மறைப்பு இரிக்கப்படாது. பொண்டுகள்ற வகுப்பில சொல்லித் தந்த.”

நான் மார்க்கம் படித்தவன் இல்லை. அவள் சொன்னது சரி என்று மட்டும் தெரியும். தேநீருக்கென்று ஃபிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரை, தொழுமுன் முகம் கைகால் கழுவும் வுழூவுக்கு அவளிடம் கொடுத்தேன். நான் காணி ஓரத்தில் இருந்த பீப்பாய்த் தண்ணீரில் செய்தேன். முகம் இருந்த இடத்தில் முகம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கம்பளியை அவள் தோளைச் சுற்றிப் போட்டுவிட்டு, ஓர் ஆள் போகக்கூடிய அளவுக்குக் கதவைத் திறந்தேன். இரண்டு வாரமாக அடைத்ததெல்லாம் அந்த இடைவெளியால் போனது. அவள் பள்ளத்துக்குள் நின்றாள். நான் கதவுக்கு முன்பக்கமாகப் புல்லில் முசல்லாவை விரித்து, சாணிக் குவியலுக்கு நேரே நின்று தக்பீர் கட்டினேன்.

தொழுகையின் முதல் சுற்றான முதல் ரக்அத் முழுக்க முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. நான் ஓதுவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சுஜூதில் நெற்றி வைத்த இடத்தில் முசல்லாவுக்குக் கீழே பனியில் உறைந்த புல் நொறுங்கியது. இரண்டாவது ரக்அத்துக்கு எழும்பினேன். விசில் கேட்கவில்லை.

தொழுகையில் திரும்பிப் பார்க்க முடியாது. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். கம்பளியோடு விழுந்தால் கேட்காது என்றும் நினைத்தேன். அந்த நேரத்தில் என் உள்ளம் எங்கே இருந்தது என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும், அதற்கு அவன்தான் மன்னிக்க வேண்டும். குர்ஆனில் எனக்குத் தெரிந்த ஆகச் சிறிய சூராவை எடுத்தேன். குனூத் பிரார்த்தனையை விடவில்லை. ஆனால் அதை அவ்வளவு விரைவாக யாரும் ஓதியிருக்க மாட்டார்கள். தொழுகையை முடிக்க வலப்பக்கம் ஸலாம் கொடுத்தேன். இடப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது வேனுக்குள் வரைக்கும் திரும்பினேன்.

அவள் பள்ளத்துக்குள் ஒழுங்காக இருந்து, தானும் ஸலாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து புகை நீளமாக வந்தது, நின்றது, மறுபடியும் நீளமாக வந்தது. வாய் மூடி மூக்கால் மூச்சு எடுத்தாள். விசில் இல்லை.

“என்ன இந்தப் பறப்பு?” என்றாள். “எனக்கு இப்பதான் மூச்சு வடிவா வந்த. அதுக்குள்ள முடிச்சிட்டீங்க.”

“குளிர் நெஞ்சில ஏறல்லயா?”

“குளிர்தான். ஆனா காத்து இரிக்கி. ராவெல்லாம் உள்ள காத்தே இல்ல. நம்மட மூச்சையே நாம திரும்பத் திரும்பக் குடிச்ச.”

நான் கூரையைப் பார்த்தேன். தண்ணீர் முத்துகள் இன்னும் நின்றன. அவ்வளவும் நாங்கள் விட்ட மூச்சு. குளிரை நினைத்து எல்லாவற்றையும் அடைத்த எனக்கு, மனிதர் மூச்சு விடுவார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை. ஐஸ் பெட்டிக்காரருக்கும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

வெளிச்சம் வந்தது. சாணிக் குவியலுக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக லீக்ஸ் நின்றது, இலை நுனியெல்லாம் வெள்ளையாக. அவள் கம்பளிக்குள் இருந்தபடி கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தாள். நான் எழும்பிப் போய்க் கதவில் கை வைத்தேன்.

“சாத்தாதீங்க” என்றாள்.

சாத்தவில்லை.