எதிராளிதான் சாட்சி

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், நம்பட்டும். நான் போனது படை திரட்ட.

தொண்ணூறுகளின் கடைசி அது. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் முதலில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து, பிறகு ஆபீசுக்கு மாறி, பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளில் அவிநாசியிலிருந்து பஸ் பிடித்து, ஒரு நூல் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு வருவேன். பாடம் முடிந்ததும் சென்டர் நடத்திய சார் எங்களை விளையாட விடுவார். இருந்தது ஒரே விளையாட்டு. மரம் வெட்டி, பயிர் வைத்து, கோட்டை கட்டி, கம்ப்யூட்டர் நடத்தும் எதிரி ஊரை ஒரு கட்டடம் மிச்சமில்லாமல் இடிக்க வேண்டும். யார் சீக்கிரம் இடிக்கிறாரோ அவர் பெயர் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையின் உச்சியில் ஏறும்.

அந்த ஏற்றத்தில்தான் எத்தனை தகராறு! தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அரை மணியில் முடித்ததாக ஒருவர் வந்து அளப்பார். இன்னொருவர் ரகசியச் சொல் ஒன்றைத் தட்டி, வெட்டாத மரத்தையெல்லாம் குவித்துக்கொண்டு ஜெயிப்பார். தோற்கும்போல இருந்தால் சேமித்துவைத்த இடத்துக்கு நைசாகத் திரும்பிப்போய் மறுபடி ஆடுகிறவர்களும் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நான் வெடித்தேன்.

"தெச்சவங்களே பீஸைச் செக் பண்ணுனா எந்தக் கம்பெனியாச்சும் உருப்படுமாங்க?"

அது எல்லோருக்கும் உடனே புரிந்தது. பனியன் கம்பெனியில் தைக்கிற கை வேறு, செக்கிங் செய்கிற கண் வேறு. அதையே சட்டமாக்கினோம். எல்லோருக்கும் ஒரே மேப். சேமித்துத் திரும்புவது, ரகசியச் சொல் தட்டுவது இரண்டும் கூடாது. விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரம் காட்டுவதுதான் நேரம். எல்லாவற்றுக்கும் மேலே, யாருடைய ரெக்கார்டு உடையப் போகிறதோ அவரே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து பாஸ் பண்ண வேண்டும். அவர் வாயைத் திறக்கக்கூடாது, ஜாடை காட்டவும் கூடாது.

அப்போது பலகையின் உச்சியில் இருந்தவர் ஒரு பாய். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். அவர் அப்பாவுக்குத் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் இருந்தன. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவற்றை ஓட்டப் பழகியவர். பேச்சில் தேன் ஒழுகும், ஆட்டத்தில் ஈவிரக்கம் கிடையாது. அவர் நேரத்தை உடைக்க நான் வாரக்கணக்காக முட்டி மோதிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து சென்னைப் பத்திரிகை ஒன்று, ஒவ்வொரு சென்டரும் தன் சிறந்த ரெக்கார்டைச் சாட்சிக் கையெழுத்தோடு அனுப்பலாம், பெயர் போட்டு வெளியிடுவோம் என்று அறிவித்தது. ஒரு சென்டருக்கு ஒரே ரெக்கார்டு. திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும். ஆக, எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அட்டைப்பெட்டி நம்பர்களை அடித்து அடித்து அலுத்துப்போனவள் நான். என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று பேயாக ஆசைப்பட்டேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அன்றைக்குக் கை அப்படி ஓடியது! வயலும் மரமும் சேர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது. பாயின் படை வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு என் படை எதிரியின் மதிலை இடித்துக்கொண்டிருந்தது. பின்னால் கூட்டம் கூடிவிட்டது. இன்னும் நாலைந்து கட்டடம்தான். பொசுக்கென்று கரண்ட் போனது.

கவலையில்லை, சென்டரில் யுபிஎஸ் இருந்தது. விளக்கு அணைந்தாலும் திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருந்த பாயின் கை நீண்டு, என் கம்ப்யூட்டரின் சுவிட்சைப் படக்கென்று அணைத்துவிட்டது.

என் கோட்டை, என் படை, எல்லாம் ஒரே கறுப்பு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "ஏனுங்க, தோத்துப்போவோம்னு பயந்துட்டீங்களா?" என்று கத்தினேன்.

"பாய் வேணும்னே பண்ணிப்போட்டாருங்க!" என்று எனக்கும் மேலே கத்தினார் எங்களோடு படித்த கட்டிங் மாஸ்டர் ஒருவர். "அவரு பேரைப் பலகையிலிருந்து அழிங்க சார்!"

பாயின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா இல்லீங்கக்கா. கை தானாப் போயிருச்சுங்க."

கரண்ட் போனால் மிஷின் சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் திடீரென்று வரும்போது மிஷின் உதறி ஊசி உடையும், துணியில் ஓட்டை விழும். எங்கள் ஊரில் இது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் கோபத்தில் இருப்பவளுக்கு நியாயம் உள்ளே இறங்காது. ரெக்கார்டு வைத்திருப்பவரே அணைத்தால் எப்படி நம்புவது?

அந்த நேரம் கரண்ட் வந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. நாங்கள் சண்டையைத் தொடர வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் போனது. அறையில் இருந்த அத்தனை கைகளும் பக்கத்தில் இருந்த சுவிட்சுக்குப் பாய்ந்தன. கட்டிங் மாஸ்டரின் கை அடுத்த கம்ப்யூட்டரை அணைத்தேவிட்டது. என் விரலும் ஒரு சுவிட்சின் மேல்தான் இருந்தது. ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சார்தான் முதலில் சிரித்தார்.

பாயின் பெயர் பலகையிலேயே இருந்தது. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆட உட்கார்ந்தேன். வேறு யாராவது சாட்சியாக இருக்கட்டும் என்று பாய் எழுந்தார். நான் விடவில்லை. "நீங்கதான் உக்காரோணும்" என்றேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த முறை முதல் ஆட்டத்தின் வேகம் வரவில்லை. ஆனாலும் மதில் விழுந்தது, கோட்டை விழுந்தது, எல்லாம் இடிந்தது. வெற்றி என்று மட்டும் திரை சொல்லவில்லை. எங்கோ ஒரு கட்டடம் மிச்சமிருந்தது. கடிகாரம் பாயின் நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

தாங்க முடியாமல் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார், அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எந்த மூலையைப் பார்க்கிறார் என்று நான் கவனிப்பதற்குள் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடப்பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டினேன். திட்டும்போதே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

வடக்கு, கிழக்கு என்று மேப்பைத் துழாவினேன். ஆற்றோரம் மரங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன மரக்கிடங்கு. குதிரைகளை விட்டேன். இடிந்தது. வெற்றி! நான் போட்ட கூச்சலில் கீழே நூல் கடையிலிருந்து இரண்டு பேர் மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

"பொறுங்க, பொறுங்க" என்றார் கட்டிங் மாஸ்டர். "சாட்சி செவுத்தப் பாத்து உக்காந்திருந்தாருங்க. இது எப்படிங்க செல்லும்?"

சார் தலையைச் சொறிந்தார். பாய் திரைப்பக்கம் திரும்பி, அதில் நின்றிருந்த நேரத்தை வாய்விட்டுப் படித்தார். அவருடையதைவிட அரை நிமிஷம் குறைவு.

"தோத்தது நானுங்க" என்றார். "நானே பாஸ் பண்றேன். ரிஜெக்ட் பண்றதுக்கு இனி யாருங்க இருக்கறாங்க?"

தொடைக்கு அடியிலிருந்து வலது கையை உருவி, பேனாவுக்காக சாரிடம் நீட்டினார்.